பட்டுக்கு நடுவே ஒரு பால்கறைச் சட்டை: தோட்டத்துப் பெண்களின் உடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களிடமிருந்து பழைய புடவைகள், ரவிக்கைகள், கைலிகள், ஸ்டூடியோவில் எடுத்த படங்கள் ஆகியவற்றை எங்கள் ஊரார் சிலர் சேர்ந்து திரட்டி, கோயில் மண்டபத்தில் சில நாள்கள் பார்வைக்கு வைத்திருந்தோம். வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். நான் நெசவு கற்றவள் அல்லள். ரப்பர் மரம் வெட்டி (பட்டையைச் சீவிப் பால் எடுத்து) வந்த தாய்க்குப் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள்.

பட்டுப் புடவைகளுக்கு நடுவே கறை படிந்த சட்டை ஒன்று தொங்கியதே, அது தவறுதலாக வந்ததா?

இல்லை. இந்தத் திரட்டில் எங்களுக்குக் கிடைப்பதற்கு மிகவும் அரிதாக இருந்த பொருள் அதுதான். பட்டுப் புடவை இருந்தால் தாருங்கள் என்று கேட்ட வீடுகளிலெல்லாம் பெட்டியைத் திறந்தார்கள். பால்காட்டுக்கு, அதாவது ரப்பர்க்காட்டு வேலைக்கு, உடுத்திப் போன துணி இருக்கிறதா என்று கேட்டபோதோ சிரித்தார்கள். "அதெல்லாம் அப்பவே கரித்துணியாப் போயிருச்சு டீச்சர்" என்றார் ஓர் அம்மா. ரப்பர்ப் பால் துணியில் பட்டுக் காய்ந்துவிட்டால் முதலில் பிசினாக ஒட்டிக்கொள்ளும், பிறகு கறுத்துப் போகும். எத்தனை முறை சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஆகவே கணவரின் பழைய நீளக்கைச் சட்டை, ஒரு கைலி, தலையில் கட்ட ஒரு துண்டு ஆகியவற்றை வேலைக்கென்றே ஒதுக்கி வைத்து, அவை கிழியும்வரை உடுத்தி, கிழிந்தபின் அடுப்படியில் பிடிதுணியாக்கினார்கள்.

வாரத்தில் ஆறு நாள் அந்தச் சட்டையையும் கைலியையும் உடுத்திய பெண் ஏழாம் நாள் கோயிலுக்கு உடுத்திச் சென்ற புடவையை மட்டும் எடுத்து, 'பாரம்பரிய உடை' என்று பெயரிட்டு, நாம் கண்ணாடிக்குள் வைக்கிறோம். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. அந்தச் சட்டை அங்கே தொங்கியதற்கு அதுவே காரணம்.

தோட்டத்துப் பெண்கள் தொடக்கத்திலிருந்தே சட்டையும் கைலியும்தான் உடுத்தினார்களா?

இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது கங்காணிகளின் (ஆள் சேர்த்துக் கூட்டி வந்த மேற்பார்வையாளர்களின்) வழியாகத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டப்பட்டது. 1907இல் இதற்கென ஒரு குடியேற்ற நிதி ஏற்பட்டது. 1938இல் இந்திய அரசு அந்த ஆள் திரட்டலைத் தடுத்தது. அந்தக் காலத்துப் படங்களில் பெண்கள் ஊரில் நாற்று நடும்போது உடுத்தியதைப் போலவே பருத்திப் புடவையைப் பின்கொசுவம் வைத்துக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டி, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருக்கிறார்கள்.

ஆனால் ரப்பர்க்காடு வயலைப் போன்றதன்று. குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் இருட்டிலேயே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நிரைக்குள் (மர வரிசைக்குள்) நுழைய வேண்டும். கொசுவும் அட்டையும் ஈரப் புல்லும் அங்கே காத்திருக்கும். மங்குகளில் (மரத்தில் கட்டிய கிண்ணங்களில்) சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் (காவடித் தண்டில்) மாட்டித் தோளில் சுமந்து, பால் சேர்க்கும் ஸ்டோருக்கு நடக்கும்போது, காற்றில் அவிழும் முந்தானை கம்பில் சிக்கினால் அன்றைய பாலே கொட்டிப்போகும். எனவே புடவையின் மேல் சட்டை ஏறியது, பிறகு புடவை இறங்கிக் கைலி வந்தது, வெயிலுக்கும் பூச்சிக்கும் தலைத்துண்டு வந்தது. இந்த உடையை எவரும் வடிவமைக்கவில்லை; ஒருவர் செய்ததைப் பார்த்து அடுத்த நிரைக்காரர் செய்தார்.

ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்ததும் மறுபடியும் மாறியது. உதிரிப் பழம் பொறுக்கியவர்களும் மருந்து அடித்தவர்களும் காற்சட்டையும் ரப்பர் பூட்சும் அணிந்தார்கள். அதையும் யாரும் பெட்டியில் வைக்கவில்லை.

'கண்டாங்கி' என்று எழுதி வைத்திருந்த புடவை ஏன் அவ்வளவு முரடாக இருந்தது?

செட்டிநாட்டுப் பகுதியில், குறிப்பாகக் காரைக்குடியில் நெய்யப்படும் பருத்திப் புடவை அது. அகன்ற கரையும், கட்டங்களும் கோடுகளும், அரக்கு, கடுகு, கறுப்பு போன்ற அழுத்தமான நிறங்களும் அதன் அடையாளம். உழைக்கும் பெண் நாள்தோறும் துவைத்துக் கட்ட வேண்டும் என்பதற்காகவே திண்ணமாக நெய்தார்கள். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது கோலாலம்பூரில் கச்சேரிக்குப் போகிறவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டால் என் பாட்டி நம்பமாட்டார். அவருக்கு அது களை பிடுங்கும் துணி. செட்டிநாட்டார் இந்த நாட்டில் வட்டிக்கடை வைத்திருந்ததால் அவர்கள் ஊர்ச் சரக்கு இங்கே பழக்கமான ஒன்றாகவே இருந்தது.

ரவிக்கை இல்லாமல் நிற்கும் பாட்டியின் படத்தை எடுத்துவிடச் சொன்னோமே, ஏன் எடுக்கவில்லை?

கேட்டவர்களின் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் படத்தில் இருப்பவர் கூச்சப்படவில்லை. நேராகக் கேமராவைப் பார்க்கிறார். புடவையின் முந்தானையை மார்பைச் சுற்றி இழுத்துக் கட்டிக்கொள்வது தமிழகத்தின் பல பகுதிகளில் மூத்த பெண்களின் வழக்கமாக இருந்தது. தைத்த ரவிக்கை எல்லார்க்கும் உரிய உடையானது அண்மைக் காலத்தில்தான்.

இதில் இன்னொரு வரலாறும் இருக்கிறது, அது இனிமையானதன்று. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய தென்திருவிதாங்கூரில் மேலாடை உடுத்துவது சாதியைப் பொறுத்ததாக இருந்தது. கிறித்துவத்துக்கு மாறிய நாடார் பெண்கள் மேலாடை உடுத்தியபோது சந்தையிலும் தெருவிலும் அதைக் கிழித்தார்கள். 1820களில் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் பல ஆண்டுகள் நீடித்தது. சென்னை ஆளுநராக இருந்த சார்லஸ் டிரெவெல்யன் கொடுத்த நெருக்கடிக்குப் பின், 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மன்னர் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பும் முழு உரிமை தரவில்லை. மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற தடை அதிலேயே இருந்தது. ஒரு முழத் துணிக்கு இத்தனை சண்டை நடந்த மண்ணிலிருந்தும் மக்கள் கப்பலேறி இங்கே வந்திருக்கிறார்கள். தோட்டத்துக் கடையில் வாங்கிய சீட்டித் துணியில் கைவைத்த ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டு நிற்கும் பெண்ணின் முகத்தில் தெரியும் பெருமிதத்தை அந்த வரலாற்றை அறிந்தபின் வேறு விதமாகப் பார்க்கத் தோன்றுகிறது.

சாமி படங்களில் இருக்கும் புடவைக் கட்டுத்தானே பழமையானது?

பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். உண்மை ஏறத்தாழ நேர்மாறானது. லயத்து வீடுகளின் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின்) சுவரில் தொங்கிய இலட்சுமி, சரசுவதி படங்களுக்கு மூலம் இரவி வர்மாவின் ஓவியங்கள். 1848இல் பிறந்து 1906இல் மறைந்த அந்த ஓவியர், 1894இல் பம்பாயில் அச்சகம் ஏற்படுத்தித் தம் ஓவியங்களை வண்ணப் படங்களாக அச்சிட்டார். அரண்மனையிலும் கோயிலிலும் இருந்த தெய்வ உருவம் அப்படிக் கூலிக்காரரின் வீட்டுக்குள்ளும் வந்தது.

அவர் தம் தெய்வங்களுக்கு உடுத்தியது அவர் காலத்து வசதியான வீட்டுப் பெண்களின் புடவையும் ரவிக்கையும்தான். பல பகுதிப் பெண்களின் கட்டு முறைகளை அவர் கூர்ந்து பார்த்திருந்தார். மைசூர் மன்னருக்காகத் தீட்டிய ஓர் ஓவியத்தில் பதினொரு பெண் இசைக் கலைஞர்களை வெவ்வேறு பகுதிகளின் உடையில் ஒன்றாக உட்கார வைத்திருக்கிறார். முன்கொசுவம் வைத்து முந்தானையை இடத்தோளில் போடும் கட்டு நாடு முழுவதும் பரவியதற்கு அச்சுப் படங்கள், பள்ளிக்கூடங்கள், பின்னர் திரைப்படம் ஆகிய அனைத்தும் காரணம்.

சோழர் காலச் செப்புத் திருமேனியைப் பார்த்தால் வேறுபாடு உடனே விளங்கும். அங்கே அம்மனுக்கு இடையில் மட்டுமே ஆடை. உடலோடு ஒட்டிய மெல்லிய துணியைச் சிற்பி மடிப்புக் கோடுகளாலும் செதுக்கிய பூ வேலையாலும் உணர்த்தியிருப்பான். அதே அம்மனுக்கு எங்கள் தோட்டத்துக் கோயிலில் ஆறு கெசம் சிவப்புப் புடவை சாத்துகிறோம். திருவிழா முடிந்ததும் சாத்திய புடவையை ஏலம் விடுவார்கள்; எடுத்தவர் வீட்டில் அது உடுத்தும் துணியாக இராது, பூசைப் பொருளாகிவிடும். எங்கள் திரட்டில் அப்படிப்பட்ட புடவை ஒன்றுகூட இல்லை. கேட்கவும் எங்களுக்கு மனம் வரவில்லை.

ஸ்டூடியோ படங்களில் உறவே இல்லாத இரண்டு பெண்கள் ஒரே புடவையில் இருக்கிறார்களே?

இரவல். ஊருக்கு அனுப்புவதற்காகப் படம் எடுக்கப் போகிறவளுக்கு லயத்தில் யாரிடம் நல்ல புடவை இருக்கிறதோ அவர் கொடுப்பார். அந்தக் குறிப்பிட்ட மாம்பழக்கரைப் புடவை மொத்தம் நான்கு படங்களில் வருகிறது. இன்னொருத்தியின் படத்தில் பிளாஸ்டிக் ரோஜாவும்கூட அதே ரோஜாதான்.

காக்கிச் சட்டையும் காற்சட்டையும் அணிந்த தமிழ்ப் பெண்களின் படம் இதில் ஏன் இடம் பெற்றது?

அது இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் படம். ஜப்பானியர் ஆட்சியில், 1943 ஜூலையில், சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபோது மருத்துவர் லட்சுமி திரட்டிய இருபது பெண்கள் புடவை உடுத்தியபடியே துப்பாக்கி ஏந்தி அவருக்கு அணிவகுப்பு மரியாதை செலுத்தினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பயிற்சி முகாம் தொடங்கியபோது அவர்கள் சீருடைக்கு மாறினார்கள். கூந்தலைக் கத்தரித்துக்கொண்டவர்களும் உண்டு. படையில் சேர்ந்தவர்களில் பலர் இந்தியாவை ஒருமுறைகூடப் பார்த்திராத மலாயாத் தோட்டத்துப் பெண்கள். கோலாலம்பூரின் ஜானகி தேவர், ஈப்போவில் பிறந்த ராசம்மா பூபாலன் ஆகியோர் அந்தப் படையில் இருந்து, பிற்காலத்தில் இந்நாட்டின் பொது வாழ்வில் பெயர் பெற்றார்கள். பிற்காலப் படங்களில் இருவரையும் நாம் பெரும்பாலும் புடவையில்தான் பார்க்கிறோம்.

அதே ஆண்டுகளில் தோட்டங்களில் துணிப் பஞ்சம். கப்பல் வராததால் சாக்கைக் கிழித்து உடுத்தியதாக என் அம்மா சொல்லியிருக்கிறார். ஜப்பானியர் சியாமில் (தாய்லாந்தில்) போட்ட மரண ரயில் பாதை வேலைக்குப் போன ஆண்கள் திரும்பாத வீடுகளில், ஒரே நல்ல புடவையை அக்காளும் தங்கையும் முறைவைத்து உடுத்தி வெளியே போனார்களாம். சாக்கு உடை எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தோம்.

காஞ்சிபுரம் பட்டு அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைக்காரரைவிடப் புடவையே நேர்மையாகச் சொல்லும். பழைய முறையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருந்தால், அவை கோர்வை முறையில் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். மூன்று நாடாக்களை (ஊடுநூல் ஓட்டும் ஓடங்களை) வைத்து இருவர் சேர்ந்து நெய்ய வேண்டிய வேலை அது. முந்தானை சேரும் இடத்தில் பேட்னி என்னும் முறையில் பழைய பாவின் (நீளவாட்டு நூலின்) இழை ஒவ்வொன்றோடும் புதிய இழையைப் பிணைத்திருப்பார்கள். புடவையைத் திருப்பிப் பார்த்தால் அந்தச் சேர்க்கை தெரியும். சரிகையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிவதும் ஓர் அடையாளம். ஆனால் கோர்வை இல்லாத புடவை எல்லாம் போலி என்று பொருள் இல்லை. ஒரே நிறத்தில் நெய்வதற்குக் கோர்வை தேவைப்படாது.

எங்கள் பாட்டியிடம் பட்டைவிட நைலெக்ஸ் என்னும் செயற்கை இழைப் புடவைதான் அதிகம் இருந்தது. அதையும் தரலாமா?

கட்டாயம் தாருங்கள். துவைத்தவுடன் காயும், கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டாம், சாயம் போகாது: லயத்து வாழ்க்கைக்கு இதைவிட ஏற்ற துணி இருந்ததில்லை. சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு வந்த துணி வியாபாரியிடம் தவணைக்கு வாங்கி, சம்பள நாளில் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தார்கள். ரஜூலா என்னும் பயணிகள் கப்பலில் தமிழகத்து ஊருக்குப் போனவர்கள் பெட்டி நிறைய எடுத்துப் போனதும் இவற்றைத்தான். தமிழ்நாட்டு உறவினர்களுக்கு இது 'சீமைச் சேலை'. காஞ்சிபுரம் இங்கே வர, நைலெக்ஸ் அங்கே போனது.

பெண்ணின் வாழ்க்கையில் எந்தப் புடவை எப்போது வருகிறது?

தாய்மாமன் கொண்டுவரும் சீர்ப்புடவையில் தொடங்குகிறது. பெரியவளான பெண்ணுக்குப் பாவாடை சட்டை போய்த் தாவணி வரும். கல்யாணத்துக்குக் கூரைப்புடவை, அது மாயவரத்தை அடுத்த கூரைநாட்டில் நெய்த புடவையின் பெயர் என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். வளைகாப்புக்குப் பச்சை. பிள்ளை பிறந்தால் அம்மாவின் பழைய பருத்திப் புடவை தூளியாகிவிடும். நான் இன்றுவரை கண்ட கலைப்பொருள்களுள் உத்தரத்திலிருந்து தொங்கும் அந்தத் தூளிக்கு ஈடானது குறைவு. கணவர் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி. இறந்தால் அவளுக்கும் கோடி.

கைம்பெண்ணுக்கு வெள்ளை என்ற வழக்கம் தோட்டத்தில் இருந்தது, ஆனால் எல்லா வீட்டிலும் கண்டிப்பாக இல்லை. மறுநாளே பெரட்டுக்குப் போக வேண்டியவளுக்கு வெள்ளை உடுத்திப் பால்காட்டுக்குள் நுழைய முடியாது. வேலை சில நேரங்களில் வழக்கத்தைவிட இரக்கமுள்ளதாக இருந்திருக்கிறது.

பாஜு கூரோங் (மலாய்ப் பெண்களின் நீளச் சட்டையும் பாவாடையும்), பாத்தேக் (மெழுகு வைத்துச் சாயமிட்ட துணி) போன்றவற்றை நாம் உடுத்துவது பண்பாட்டை விட்டுக்கொடுப்பது ஆகாதா?

இந்தக் கேள்விக்கு விடையாக ஒரு சொல்லைக் காட்டுகிறேன். மலாய்க்காரர்கள் தொழுகைக்கு உடுத்தும் கட்டம்போட்ட கைலிக்கு அவர்கள் மொழியில் 'காயின் பெலேகாட்' என்று பெயர். பழவேற்காடு என்னும் நம் கடற்கரைத் துறைமுகத்தின் பெயரே அப்படித் திரிந்தது. சோழமண்டலக் கரையில் நெய்த துணி பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தத் தீவுகளுக்குச் சரக்காக வந்தது. போன துணி திரும்ப வருவதில் யாருக்கு இழப்பு?

கிளந்தானிலும் திரெங்கானுவிலும் மெழுகு வைத்துச் சாயமிடும் பாத்தேக் கைலியை எங்கள் பாட்டிமார் வீட்டில் உடுத்தினார்கள். அதன்மேல் ரவிக்கைக்குப் பதில் கெபாயா என்னும் முன்திறப்பு மேற்சட்டை போட்டவர்களும் உண்டு. அந்தக் கெபாயாவை மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் கூட்டாக முன்வைத்து, 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தன. அலுவலகத்துக்குப் பாஜு கூரோங் அணியும் என் முன்னாள் மாணவிகள் அதற்குப் பொருத்தமாகப் பொட்டும் மல்லிகையும் வைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சேர்க்கை வேறு நாடுகளில் எளிதில் பார்க்க முடியாத ஒன்று.

பரதநாட்டிய உடை கோயில் சிற்பங்களிலிருந்து அப்படியே வந்ததா?

முழுவதும் இல்லை. கோயிலைச் சார்ந்த ஆடல் மகளிர் புடவையைத்தான் ஆடலுக்கேற்பக் கட்டினார்கள். 1935இல் மேடையேறி, 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி, சிற்பங்களைப் பார்த்துத் தைத்த விசிறி மடிப்பு உடைக்கு வடிவம் கொடுத்தார். அந்தக் கலையைக் காத்த குலத்துப் பெண்களின் உரிமை பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. கோயிலுக்குப் பெண்களை அர்ப்பணிப்பதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் பள்ளி விழாவில் அணியும் உடையின் மடிப்புக்குள் இவை அனைத்தும் இருக்கின்றன.

இளம்பெண்கள் பஞ்சாபி சூட்டும் தைத்து வரும் புடவையும் அணிவதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கொசுவத்தைத் தைத்து, கொக்கி வைத்து, இரண்டு நிமிடத்தில் உடுத்தும்படி வந்திருக்கும் புடவையை என் அம்மா பார்த்திருந்தால் முதல் ஆளாக வாங்கியிருப்பார்.

எங்கள் வீட்டில் இருக்கும் பழைய புடவையை எப்படிப் பாதுகாப்பது?

நம் நாட்டு ஈரக்காற்றுதான் முதல் பகை. பட்டுப் புடவையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினால் ஈரம் உள்ளே தங்கிப் பூசணம் பிடிக்கும். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மடிப்பு ஒரே இடத்தில் நிலைத்தால் அந்த வரியிலேயே பட்டு கிழியும், ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். அந்துருண்டை சரிகையில் நேரடியாகப் படக் கூடாது. கனமான சரிகைப் புடவையைக் கம்பியில் தொங்கவிடாதீர்கள், எடை துணியை இழுத்துவிடும்.

எங்களுக்குத் தர விரும்பினால் துவைத்துத் தர வேண்டாம். யார், எப்போது, எதற்கு உடுத்தினார் என்பதை ஒரு தாளில் எழுதிச் சேர்த்துத் தந்தால் போதும். வீட்டில் யாராவது மரம் வெட்டியவரோ வெளிக்காட்டு வேலை செய்தவரோ இருந்தால், அடுப்படியிலும் சைக்கிள் துடைக்கும் துணிகளுக்கு நடுவிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள். கறையை மட்டும் எடுக்க முயல வேண்டாம்.